நம் கதையை யார் எழுதுவது?

(சப்ரகமுவத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், எழுத்தார்வங் கொண்ட இளைஞர்களும் ஆசிரியர்களும் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)



கதை எழுதுவது எப்படி, கட்டுரை எழுதுவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். நாம் கதாசிரியர் அல்லோம். நீதிமன்றப் படிகளிலும் தொழிற்சங்க மேடைகளிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள். ஆயினும் இந்தப் பணியை நாம் மறுக்கவில்லை. ஏனெனில், கதாசிரியனும் சட்டத்தரணியும் ஒரே கேள்வியோடுதான் தொழிலைத் தொடங்குகிறார்கள். "நடந்தது என்ன?" என்பதே அந்தக் கேள்வி. அதைக் கேட்கத் தெரியாதவன் நல்ல வழக்கையும் தோற்பான். நல்ல கதையையும் கெடுப்பான்.

நாம் அப்படித் தோற்ற வழக்கொன்றை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

தொழிலுக்கு வந்த தொடக்க காலம். இறப்பர் மலையிற் பால் வெட்டும் தாய் ஒருத்தி எம்மிடம் வந்தாள். கணவனை இழந்தவள். பாலில் தண்ணீர் கலந்தாள் என்று குற்றஞ்சாட்டி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாம் அவளுக்காக ஒரு சத்தியக் கடதாசி வரைந்தோம். பத்துப் பந்திகள். இயற்கை நீதி, நல்லெண்ணம், நீண்டகாலச் சேவை ஆகிய எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்ததும் எமக்கே ஒரு பெருமிதம்.

விசாரணை நாளன்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவளை நோக்கி, "நான்காம் பந்தியிற் சொல்லியிருப்பது உண்மையா?" என்று கேட்டார். அவள் எம்மைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அது ஐயா எழுதினதுங்க. எனக்கு நடந்தது வேற."

அதன் பின் நடந்ததை இரண்டே நிமிடத்தில் அவள் சொன்னாள். அன்று விடியற்காலையில் வானம் வெளுத்திருந்தது. பால் வெட்டி முடித்த சற்று நேரத்தில் தூறல் விழுந்தது. மரத்தின் பட்டை வழியே மழைநீர் ஒழுகிச் சிரட்டைகளில் இறங்கியது. "பாலைக் கொட்டிவிடவா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாள். "எடுத்துக்கொண்டு வா" என்றார் அவர். எடுத்துச் சென்றாள். அவ்வளவுதான்.

இந்த இரண்டு நிமிட உண்மை எமது பத்துப் பந்திகளில் எங்குமே இருக்கவில்லை. கடதாசியில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பதால் அவளை நம்ப முடியாது என்று எதிர்த்தரப்பு வாதித்தது. அவள் தோற்றாள். அவளைத் தோற்கடித்தது எமது அழகிய வாசகம். அவள் என்ன கண்டாள் என்று கேட்காமல், அவள் சார்பில் நாமே பேசிவிட்டோம். எழுத்தைப் பற்றி நாம் கற்ற முதற்பாடம் இதுவே. ஓர் எளிய மனிதனுக்காக எழுதப் புறப்படுகிறவன் முதலில் அவனுடைய வாயை அடைத்துவிடக் கூடாது.

சட்ட அறிக்கையும் காம்பராவும்

இதே கேகாலை மாவட்டத்தில், 1946-ஆம் ஆண்டில், நேவ்ஸ்மயர் தோட்டத்து மக்களை வெளியேறச் சொன்னார்கள். நம்மவர் உருளவள்ளி என்று அழைத்த தோட்டம் அது. அந்நிலத்தை அரசாங்கம் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க எடுத்துக்கொண்டது. நிலமற்ற கிராமத்தவனின் பசியும் உண்மைப் பசியே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணிலேயே உழைத்தவன் எங்கே போவான் என்பதற்கு மறுமொழி இருக்கவில்லை. மக்கள் போக மறுத்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அந்தத் தகராறிற் பிறந்த வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டு என்று நேர்மையாக நம்பி ஒருவன் ஒரு நிலத்தில் நிற்பானாயின், அது மற்றவனுக்குத் தொல்லை தரும் என்பதை அவன் அறிந்திருந்த ஒரே காரணத்தால் அச்செயல் குற்றமாகிவிடாது என்ற கோட்பாட்டை 1950-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிலைநாட்டியது. இன்றும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பு அது.

நாமும் அதை மாணவப் பருவத்திற் படித்தோம். கோட்பாடு நெஞ்சில் நின்றது. ஆனால் அந்தக் காம்பராவில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா? குழந்தைகள் என்ன கேட்டன? பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடாத காலைப்பொழுதை ஓர் உழைப்பாளி எப்படிக் கழித்தான்? சட்ட அறிக்கை இவற்றைச் சொல்லாது. சொல்வது அதன் வேலையுமன்று. சட்டம் நின்றுவிடும் அந்த இடத்திற்றான் கதை தொடங்க வேண்டும்.

முன்னோர் எழுதிய முறை

நமக்கு முன்னே எழுதியவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

தோட்டத் தமிழரின் துயரைத் தமிழ்ச் சிறுகதைக்குட் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் புதுமைப்பித்தன். அவருடைய 'துன்பக்கேணி' 1935-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் கிராமமொன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. புதுமைப்பித்தன் இலங்கைக்கு வந்தவர் அல்லர். அதனால் அக்கதையிற் கிராமம் கண்முன் நிற்கிறது. தோட்டமோ தொலைவிற் கேட்ட செய்தியாக நிற்கிறது. இதைக் குறையென்று தூக்கியெறிவது நமது நோக்கமன்று. மக்களைத் துரத்திய ஊரை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்ததை அஞ்சாமல் எழுதினார். அவர் காணாத மறுபாதியை எழுத வேண்டிய கடமை, அதைக் காண்கிற நம்முடையதல்லவா?

கோ. நடேசையர் வேறொரு வழியிற் சென்றார். வெளியார் எவரும் தோட்டத்துட் கால்வைக்க முடியாத காலம் அது. அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்று மக்களின் நிலையைக் கண்டார். கண்ட பிறகே பேசினார். 'தேசபக்தன்' பத்திரிகையில் எழுதினார். கட்டுரை எழுதுவோருக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. முதலிற் கால் நடக்க வேண்டும். பிறகு கை எழுத வேண்டும்.

தோட்டத்திலேயே பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராவதைக் கண்டவர். ஆயினும் அவர் மேடைப் பேச்சோடு நின்றுவிடவில்லை. லயத்து மக்களின் பாட்டுகளை அவர்கள் வாயிலிருந்தே கேட்டுத் திரட்டினார். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983-இல் நூலாயிற்று. தாம் எழுதியதோடு அமையாது, மக்கள் ஏற்கெனவே ஆக்கி வைத்திருந்ததையும் காத்தவர் அவர்.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதையைப் பாருங்கள். ஒரு பெண் வழக்கத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்துவிடுகிறாள். அவள் ஒருத்தியாற் பறித்திருக்க முடியாது என்ற சந்தேகம் எழுகிறது. அவ்வளவே செய்தி. உலகப் புரட்சி அதில் இல்லை. நீண்ட வசனம் இல்லை. ஆனால் அந்தக் கூடையின் நிறையில் ஓர் உழைப்பாளிப் பெண்ணின் மானம் முழுவதும் தொங்குகிறது. தெளிவத்தை ஜோசப்போ, 'மீன்கள்' என்ற கதையில், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காம்பராவிற் படுத்துறங்க நேர்கிற அவலத்தை எடுத்துக்கொண்டார். லயத்து அறையின் நீள அகலத்தைக் கணக்கிட்டு ஆயிரம் அறிக்கைகள் வந்திருக்கின்றன. அந்த அளவு ஒரு மனிதனின் வெட்கத்தை எப்படி நசுக்குகிறது என்பதை அந்த ஒரு கதை சொல்லிவிட்டது.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரிய அநீதியை எழுதப் புறப்பட்டவர்கள் சிறிய பொருளொன்றைக் கையில் எடுத்தார்கள். கூடை, காம்பரா, தராசு ஆகியவற்றின் வழியாக அநீதி தானே வெளியே வந்தது.

எழுதப்படாத இறப்பர் மலை

இளைஞர்களே, இங்கே நாம் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மலையக இலக்கியம் என்றதும் நினைவுக்கு வருவது தேயிலை, பனி, அட்டன், நுவரெலியா. சப்ரகமுவ எங்கே? கேகாலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய பகுதிகளிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். இங்கும் தேயிலை உண்டு. ஆனால் இறப்பரும் உண்டு; மாணிக்கக் குழியும் உண்டு; வேலிக்கு அப்பாலே சிங்களக் கிராமமும் உண்டு. நம் வாழ்வு நுவரெலியாவின் நகல் அன்று.

மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த தமிழர் தம் வாழ்வை நாவல்களாக எழுதினார்கள். தமிழ்நாட்டின் அகிலனும் அங்கே சென்று கண்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். நம் பால்மரங்களுக்கு மட்டும் எழுத்தாளர் அருகிப்போனது ஏன்?

எழுதுவதற்குப் பொருள் இல்லையா? விடியுமுன்பே மலைக்குப் போக வேண்டும். வெயிலேறினாற் பால் ஓடாது. பட்டையைச் சீவும்போது கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாகச் சென்றாற் பால் வராது. அந்த நூலிழை நிதானத்தைக் கைக்குக் கற்பித்தவர் யார்? இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வருமானம் எப்படி? கொழும்பிலே மழை என்றால் குடை. இங்கே மழை என்றால் உலை. வாளியிற் சேர்த்த பாலை ஸ்டோரில் அளந்து, கருவியை மிதக்கவிட்டு, அதிலுள்ள இறப்பரின் அளவைக் கணிக்கிறார்கள். கருவியின் கோட்டைப் படிக்கிறவன் ஒருவன். அவன் படித்ததை நம்ப வேண்டியவள் மற்றொருத்தி. இராமையாவின் கூடை அங்கே கொழுந்தில் இருந்தது. இங்கே பால் வாளியில் இருக்கிறது. நாம் தோற்ற வழக்கும் அந்த வாளிக்குள்ளேதான் கிடந்தது. மறுநாட் காலையில் உரித்தெடுக்கும் ஒட்டுப்பாலிலும் ஒரு கதை உண்டு. உரித்தவளின் கைகளைக் கேளுங்கள், அவை சொல்லும்.

கட்டுரைக்கு வேண்டிய நேர்மை

கதைக்கு ஒரு முகம் போதும். கட்டுரைக்கு முகமும் வேண்டும், எண்ணும் வேண்டும். ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் ஒரு வைத்தியர். 1890-இல் நெடுந்தூரம் பயணஞ் செய்து, கைதிகளை அனுப்பி வைத்த சக்கலின் தீவை அடைந்தார். வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவரையும் பற்றிய விவரத்தை அட்டைகளிற் குறித்தார். பிறகே நூல் எழுதினார். புகழ்பெற்ற கதாசிரியரே கட்டுரை எழுதும்போது கணக்கெடுப்பாளராக மாறினார் என்றால், நாம் கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதலாமா?

எண்ணை மட்டும் எழுதினாலும் போதாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதாக வைத்து, 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. இந்தக் கூட்டல் கழித்தலைச் சொல்லாத கட்டுரை பலவீனமானது. ஆனால் அந்தக் கழித்தலில் ஒரே காம்பராவின் அண்ணன் ஒரு பக்கமும் தங்கை மறுபக்கமும் போனதைச் சொல்லாத கட்டுரை உயிரற்றது. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் அந்தக் காலத்துக் கடிதங்கள் கிடக்கலாம். கறையான் தின்னுமுன் வெளியே எடுங்கள்.

லயத்துத் தமிழ்

"எங்கள் பேச்சுத் தமிழ் கொச்சையானது, அதை எழுதினாற் பிறர் சிரிப்பார்களே" என்று ஓர் இளைஞர் எம்மிடம் கேட்டார். 1915-இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்ற வெள்ளையர் 'கூலித் தமிழ்' என்றொரு நூல் எழுதினார். தோட்டத்துரைமார் தொழிலாளரை வேலைவாங்குவதற்காகக் கற்ற தமிழ் அது. அதே பெயரையே 2014-இல் மு. நித்தியானந்தன் தம் ஆராய்ச்சி நூலுக்குச் சூட்டி, அந்த வரலாற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். துரை கற்றது கட்டளையிடும் தமிழ். தாலாட்டும் ஒப்பாரியும் ஊடலும் ஏசலும் உள்ள தமிழ் லயத்திலே இருந்தது. அதைத் துரை எழுதவில்லை, எழுதவும் இயலாது.

காம்பரா போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. பிரட்டு ஆங்கிலேயர் தந்தது. இந்நாட்டின் வரலாறே நம் நாவிற் கிடக்கிறது. கதைமாந்தர் பேசும்போது இந்தத் தமிழிலேயே பேசட்டும். ஆசிரியர் கூற்றைத் தெளிந்த நடையில் எழுதுங்கள். ஆனால் பால் வெட்டும் தாயைப் பண்டிதர் போலப் பேசவைக்காதீர்கள். அப்படிச் செய்தால், எமது சத்தியக் கடதாசிக்கு நேர்ந்த கதியே உங்கள் கதைக்கும் நேரும்.

எதிர்த்தரப்பையும் கேள்

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இந்த மாகாணத்து லயங்களில் என்ன நடந்தது என்பதை இங்கிருக்கும் பெரியோர் அறிவார்கள். எரிந்த வீடுகளை விட்டு வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் சென்றவர்கள் பலர். சென்ற இடத்திலும் போர் அவர்களை விடவில்லை. இதை எழுத வேண்டும். கண்டவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள், சிலர் மறைந்துவிட்டார்கள். இறந்த சாட்சியை எந்த நீதிமன்றமும் அழைக்க முடியாது.

ஆனால் எழுதும்போது நீதியோடு எழுதுங்கள். இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது எமது தொழிலின் முதல் விதி. தீ வைத்தவனை எழுதுங்கள். அவனைத் தூண்டிவிட்டு வீட்டுக்குள் இருந்தவனையும் எழுதுங்கள். அதே இரவில் நம்மவரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் கஞ்சி ஊற்றிய சிங்கள அயலவன் இருந்திருந்தால், அவனை விட்டுவிடாதீர்கள். அவனை மறைக்கிற கதை நம் துயரைக் கூட்டிக் காட்டாது; நம் சாட்சியத்தின் நம்பிக்கையைத்தான் குறைக்கும். நம் கங்காணிகள் நம்மவருக்குச் செய்த கொடுமையையும் ஒளிக்காதீர்கள்.

அரசியல்வாதிகளாகிய எம்மைப் பற்றியும் ஒரு சொல். இயக்கத்துக்கு ஆள் சேர்க்கும் துண்டுப்பிரசுரமாகக் கதையை நினைத்த காலம் எமக்கும் இருந்தது. கடைசிப் பந்தியிற் செங்கொடியோ வேறொரு கொடியோ பறக்காவிட்டாற் கதை முடியவில்லை என்று எண்ணினோம். அது தவறு. துண்டுப்பிரசுரம் தேர்தலோடு குப்பைக்குப் போகும். 'ஒரு கூடைக் கொழுந்து' எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. அதனாலேயே அது இன்னும் நிற்கிறது. நாம் கேட்டாலும் எமக்காகக் கதை எழுதாதீர்கள். உண்மைக்காக எழுதுங்கள், அதிலிருந்து எம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

எழுத்துக்கு வந்திருக்கும் ஆபத்து

இறுதியாக, மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறோம். நம் தோட்டங்கள் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடசாலை தொலைவிலும் சிங்களப் பாடசாலை அருகிலும் இருக்கும் இடங்களில் நம் பிள்ளைகள் சிங்களத்திற் படிக்கிறார்கள். அவர்களைக் குறைகூறவில்லை, அயலவன் மொழியை அறிவது பலமே. ஆனால் பாட்டியின் கதையைக் கேட்கத் தெரிந்த பேரனுக்கு அதைத் தமிழில் எழுதத் தெரியாமற் போனால், அந்தக் கதை பாட்டியோடு போய்விடும். 1948-இல் பறித்த பிரசாவுரிமையை மீட்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது. உரிமையை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் சட்டம் திருப்பித் தரலாம். மறந்துபோன கதையைத் திருப்பித் தர எந்தச் சட்டமும் இல்லை.

ஆகையால் ஒரு வேலையைத் தந்துவிட்டு விடைபெறுகிறோம். எழுதத் தெரிந்தவர், எழுதத் தெரியாத ஒரு முதியவரின் பக்கத்தில் உட்காருங்கள். "நடந்தது என்ன?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை அவரிடமே திரும்பப் படித்துக் காட்டுங்கள். "ஆமாம், இதுதான் எனக்கு நடந்தது" என்று அவர் சொன்னால் அது எழுத்து. "இது நீ எழுதினது" என்று சொன்னால், கிழித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். சிங்களத்திற் படித்த பிள்ளை கேட்டு வரட்டும். தமிழிற் படித்த பிள்ளை எழுதட்டும். அடுத்த முறை இந்த வாசிகசாலையில் நாம் பேசமாட்டோம். நீங்கள் படிக்க வேண்டும். நாம் இந்த வாங்கிலில் அமர்ந்து கேட்க வேண்டும்.

அந்தத் தாய் இன்று எங்கிருக்கிறாள் என்று நாம் அறியோம். அவளுக்கு நாம் பட்ட கடனை இந்த மலைகளின் இளைஞர்கள் தீர்த்து வைப்பார்கள் என்ற நம்பிக்கையோடு அமைகிறோம்.